அயலார் பதிவுகளில் தீபாவளி: அல்பிரூனி, கோன்டி, தெல்லா வல்லே

முன்னுரை

தீபாவளியின் தோற்றம் குறித்த வாதங்கள் தமிழ்ச் சூழலில் பெரும்பாலும் நரகாசுரன் கதையை மையமாகக் கொண்டே நிகழ்கின்றன. அக்கதையைப் போற்றுவோரும் மறுப்போரும் அதனையே விழாவின் ஒரே காரணமாகக் கொள்கின்றனர். இந்தியாவிற்கு வந்த அயல்நாட்டார் எழுதிவைத்த குறிப்புகள் இக்கருத்தை மீளாய்வு செய்யத் தூண்டுகின்றன. அவற்றுள் மூன்று பதிவுகளை ஒப்பிட்டு, அவை எதற்குச் சான்றாகும், எதற்குச் சான்றாகா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அல்பிரூனி: காரணம் வினவியவர்

குவாரிசத்தில் பிறந்த அல்பிரூனி (973–1048), கஜினி மகமூது 1017இல் அந்நாட்டைக் கைப்பற்றியபின் கஜினிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். மகமூதின் படையெடுப்புகளே அவருக்கு இந்தியாவின் வாயிலைத் திறந்தன. ஆயினும் அவர் சமற்கிருதம் பயின்று, பண்டிதர்களிடம் கேட்டறிந்து, பதஞ்சலியின் யோக நூலை அரபியில் பெயர்த்தார். 1030ஆம் ஆண்டளவில் அவர் முடித்த இந்தியா பற்றிய அரபு நூலில் விழாக்களுக்கெனத் தனி இயல் ஒன்றுண்டு.

அவ்வியலில் கார்த்திகை மாதத் தொடக்கத்து அமாவாசையில், கதிரவன் துலாத்தில் இயங்கும்போது இவ்விழா நிகழ்வதாகப் பெயருடன் குறிக்கிறார். துலா மாதமே தமிழரின் ஐப்பசி என்பதால் இக்காலக்குறிப்பு தமிழ்ப் பஞ்சாங்கத்துடனும் பொருந்துகிறது. நீராடல், நல்லாடை அணிதல், வெற்றிலை பாக்கு வழங்கல், கோயிலுக்குச் சென்று ஈதல், நண்பகல் வரை மகிழ்ந்தாடல், இரவில் எங்கும் விளக்கேற்றல் ஆகியன அவர் தரும் செய்திகள். பட்டாசு இதில் இல்லை. வெடிமருந்து இந்தியாவில் பரவாத காலம் அது.

அவர் கூறும் காரணமே இங்கு முதன்மையானது. ஏழாம் கீழுலகில் சிறையிருக்கும் விரோசனன் மகன் பலியை இலக்குமி ஆண்டுக்கொருமுறை விடுவித்து உலகிற்கு வரவிடுகிறாள்; அதனால் இந்நாள் பலியின் ஆட்சி எனப் பெயர் பெறுகிறது என்கிறார். கிருதயுகத்து நற்காலத்தை ஒத்த நாளென மக்கள் மகிழ்வதையும் சுட்டுகிறார். நரகாசுர வதமோ இராமன் அயோத்தி மீண்ட செய்தியோ இக்குறிப்பில் இடம்பெறவில்லை.

கோன்டி: பெயரறியாது கண்டவர்

வெனிசு வணிகரான நிக்கோலோ டி கோன்டி 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இந்தியாவில் பயணம் செய்தார். இத்தாலி திரும்பியபின் அவர் சொன்னவற்றைப் போஜியோ பிராச்சியோலினி இலத்தீனில் எழுதினார். விசயநகரத்தோடு தொடர்புபடுத்தப்படும் அப்பகுதியில், ஆடவரும் பெண்டிரும் நீராடிப் புத்தாடை உடுத்து மூன்று நாள் கொண்டாடும் விழா ஒன்று கூறப்படுகிறது. கோயிலின் உள்ளும் கூரைமேலும் எண்ணற்ற எண்ணெய் விளக்குகள் இரவும் பகலும் எரிந்தது தனியே குறிக்கப்படுகிறது. விழாவின் பெயரோ காரணமோ இல்லை.

விளக்குக் குறிப்பைத் தீபாவளி எனக் கொள்ளும் வழக்குண்டு. ஆயினும் கோயில்சார்ந்த விளக்கீடு திருக்கார்த்திகைக்கும் பொருந்தும். நீராடலும் புத்தாடையும் வேறொரு விழாவின் கூறுகளாகப் பிரிந்து நிற்பதும் ஐயத்தை வலுப்படுத்துகிறது. நினைவிலிருந்து சொல்லப்பட்டு, இன்னொருவர் கையால் எழுதப்பட்ட பதிவில் இத்தகைய மயக்கம் இயல்பே.

தெல்லா வல்லே: நாளைக் குறித்தவர்

உரோமைச் சேர்ந்த பியெத்ரோ தெல்லா வல்லே, இக்கேரி நாயக்கரிடம் சென்ற போர்த்துகீசியத் தூதருடன் 1623இல் கன்னடக் கடற்கரையின் ஒன்னாவரில் தங்கினார். நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அக்டோபர் 24ஆம் நாளைத் தீபாவளி எனப் பெயருடன் குறித்து, அந்நாளையொட்டி இசுலாமியரின் 1033ஆம் ஆண்டு தொடங்கியதையும் சேர்த்தார். அமாவாசையில் அமையும் விழாவும் பிறை தோன்றத் தொடங்கும் ஹிஜ்ரி ஆண்டும் அடுத்தடுத்து வருதல் இயல்பாதலின், இந்நாட்குறிப்பு கணக்கிட்டுச் சரிபார்க்கத்தக்கது. விழாவின் கதையை அறிய இது உதவவில்லை.

முடிவுரை

அல்பிரூனியின் குறிப்பு வடமேற்கு இந்தியாவில் அவர் பெற்ற தரவுகளைச் சார்ந்தது. அதில் நரகாசுரன் கதை இல்லாமையைக் கொண்டு அக்கதை பிற பகுதிகளில் வழங்கவில்லை என முடிவுகட்ட இயலாது. ஆனால் 11ஆம் நூற்றாண்டில் தீபாவளிக்குப் பலியின் வருகை காரணமாகச் சொல்லப்பட்டது என்பதற்கு அது உறுதியான சான்று. கன்னட, மராட்டிய நிலங்களில் தீபாவளிக்கு மறுநாள் கொண்டாடப்படும் பலிப் பிரதமை அம்மரபின் தொடர்ச்சியைக் காட்டுகிறது. ஆகவே நரகாசுரன் கதை தீபாவளியின் கதைகளுள் ஒன்று; அதனை ஏற்பதாலோ மறுப்பதாலோ விழாவின் வரலாறு முடிந்துவிடுவதில்லை. கண்டதை மட்டும் சொன்ன கோன்டியின் பதிவு ஐயத்திற்கு இடமளிக்க, காரணத்தைக் கேட்டு எழுதிய அல்பிரூனியின் பதிவே இவ்வுண்மையைக் காத்துத் தந்துள்ளது.