பெயரும் உருவும்

பெயரும் உருவும் கடந்த பரம்பொருள் உயிர்கள் உய்தற்பொருட்டுப் பெயரும் உருவும் கொண்டருளியது என்பது சைவர் துணிபு. அயனும் மாலும் அடிமுடி தேடிக் காணவொண்ணாத சோதி, யாவரும் கண்ணாற் கண்டு தொழும் மலையாகி நின்ற தலம் திருவண்ணாமலை. மேற்கே அம்மலையும் கிழக்கே செஞ்சிக் கோட்டையும் அமைய, இரண்டையும் இணைக்கும் பெருவழியில் இருப்பது கீழ்பென்னாத்தூர். ஒருபுறம் அருளாட்சியின் சின்னம். மறுபுறம் அரசாட்சியின் சின்னம். இடைப்பட்ட நிலத்தில் ஏரி வெட்டியும் பயிர் வளர்த்தும் கோயில் எடுத்தும் வாழ்ந்த மக்களின் வரலாற்றை எதைக்கொண்டு அறிவது? திருக்குடமுழுக்குக் காணும் இந்நன்னாளில் அன்பர்கள் சிந்திக்கத்தக்க வினா இது.

நம் முன்னோர் வரலாற்றைக் கல்லில் எழுதி வைத்தனர். தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் முதலாம் இராசராசன் பொறித்த கல்வெட்டு, தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைப் பெயர் சுட்டிக் குறிக்கின்றது. இன்னார் இன்ன தெருவில், இன்ன சிறகில், இத்தனையாம் வீட்டினர் என்பதும் அதில் உண்டு. கோயிலுக்கு ஒரு விளக்கு வைத்தவர் பெயரும், அதற்கு நெய் அளக்க ஏற்ற இடையர் பெயரும் கல்லில் ஏறின. ஆயிரம் ஆண்டு கழிந்தும் அப்பெயர்கள் அழியவில்லை. எனினும் அவர்தம் முகத்தை நாம் அறியோம். கல்வெட்டு பெயரைத் தந்தது, உருவைத் தரவில்லை.

இரண்டையும் ஒருங்கே தந்த சான்று இம்மாவட்டத்திலேயே உண்டு. அதுவே செங்கத்து நடுகல். தமிழக அரசின் தொல்லியல் துறையினர் செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தொகுத்து 1972இல் நூலாக வெளியிட்டனர். ஆநிரை மீட்கும் பூசலில் பட்ட வீரனின் உருவம் கல்லில் செதுக்கப்பட்டிருக்கும். அவன் பெயரும், அவன் பட்ட நிகழ்ச்சியும், அந்நாளைய வேந்தன் ஆட்சியாண்டும் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். எடுத்தனூர் நடுகல்லோ இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்ததாகிய அக்கல்லில் வீரனோடு அவன் நாயும் நிற்கின்றது. கோவிவன் என்னும் அதன் பெயரும் எழுதப்பட்டுள்ளது. தலைவனுக்காக நின்ற ஒரு நாயையும் பெயரும் உருவும் தந்து போற்றிய நாடு இது.

கல்லுக்குப் பின்னர் வந்த சான்று ஒளிப்படம். 1839இல் ஐரோப்பாவில் உலகறிய வெளிப்பட்ட இக்கலை, இழப்பைத் தடுக்க வல்லதன்று. இழந்ததை அறிவிக்க வல்லது. செஞ்சி வேங்கடரமணர் கோயிலின் வேலைப்பாடமைந்த தூண்கள் சில, பிரெஞ்சுக்காரர் ஆதிக்கத்தின்போது புதுச்சேரிக்குக் கொண்டுசெல்லப்பட்டன. இன்று அவை புதுவைக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்கின்றன. தூண்கள் பெயர்ந்த நாளில் ஒளிப்படக் கலை பிறக்கவில்லை. ஆதலின் அவை கோயிலுள் நின்ற கோலத்தைக் காட்டும் படம் ஒன்றேனும் இருத்தற்கு வழியில்லை. கல் உண்டு, அது நின்ற இடத்தின் காட்சி இல்லை.

சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக 1856இல் அமர்த்தப்பெற்றவர் கேப்டன் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயர். அவர் 1857, 1858 ஆம் ஆண்டுகளில் மதுரை, திருவரங்கம், தஞ்சை முதலிய ஊர்களிற் சென்று கோயில்களைப் படமெடுத்தார். தஞ்சை விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை 21 படங்களாக எடுத்து, அவற்றை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். கல்வெட்டாய்வுக்கென டாக்டர் ஹூல்ஷ் அரசால் அமர்த்தப்பெற்றது 1886இல். அதற்கு ஒரு தலைமுறைக்கு முன்னரே அக்கல்லின் எழுத்தைப் படம் பற்றிக்கொண்டது. படத்தைக் கொண்டு கல்லைக் காக்கலாம் என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டுவதின்று.

கோயிலைப் படமெடுத்தவர் பின்னர் மக்களையும் எடுத்தனர். எட்கர் தர்ஸ்டன், ரங்காச்சாரியார் துணையோடு 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூல் ஏழு தொகுதிகளை உடையது. அதில் ஒளிப்படங்கள் பல உண்டு. ஆனால் படத்தின்கீழ்ப் பெரும்பாலும் காணப்படுவது குலத்தின் பெயரே. நிற்பவர் பெயர் இல்லை. யாருடைய தந்தை, எவ்வூரினர், என்ன தொழிலிற் சிறந்தவர் என்பது ஒன்றும் இல்லை. தஞ்சைக் கல்வெட்டில் முகம் இல்லாத பெயரைக் கண்டோம். இங்கே பெயர் இல்லாத முகத்தைக் காண்கின்றோம். எடுத்தனூர் நாய்க்குக் கிடைத்த சிறப்பு இம்மாந்தருக்குக் கிடைக்கவில்லை என்பது நெஞ்சை வருத்துவது.

இதற்கு மாறாகத் திருவண்ணாமலையில் நிகழ்ந்ததைக் காண்க. 1896இல் அத்தலம் அடைந்த ரமண மகரிஷியின் படங்களை அன்பர் கண்ணெனப் போற்றினர். 1946இல் பெங்களூர் வெல்லிங் எடுத்த படம் இன்னது, 1950 ஏப்ரலில் மகரிஷியின் இறுதி நாட்களில் பிரெஞ்சுக் கலைஞர் கார்த்தியே பிரெசோன் எடுத்தவை இன்னவை என்று ஆண்டும் பெயரும் தெளிவாக வழங்குகின்றன. எடுத்தவர் திறமை மட்டும் இதற்குக் காரணம் அன்று. குறித்து வைத்தவர் அன்பே பெருங்காரணம்.

குறித்து வைத்த படம் தெய்வத் திருமேனியையே மீட்டுத் தரவும் கூடும். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் தென்னகத்துக் கோயில்களைப் படமெடுத்து, ஊரும் இடமும் குறித்துத் தொகுத்தது. தொகுப்பு ஒன்றரை இலட்சம் படங்கள் அளவினது. அரியலூரைச் சார்ந்த ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசப் பெருமான் களவாடப்பட்டு ஆஸ்திரேலியா சென்றார். 2008இல் அந்நாட்டுத் தேசிய கலைக்கூடம் அத்திருமேனியை ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. விருத்தாசலத்துக் கோட்டத்தில் நின்ற அர்த்தநாரீசுவரரும் அந்நாட்டிலேயே வேறொரு கலைக்கூடத்தில் இருந்தார். புதுச்சேரித் தொகுப்பின் பழம்படங்கள் இவ்விரு திருமேனிகளும் எக்கோயிலுக்கு உரியவை என்பதை மறுக்கவொண்ணாதபடி காட்டின. 2014 செப்டம்பரில் இரண்டும் தாய்நாடு மீண்டன. படத்தின் பின்னே ஊர்ப்பெயர் எழுதப்படாதிருப்பின் அவை அயல்நாட்டுக் காட்சிப் பொருளாகவே நின்றிருக்கும்.

கீழ்பென்னாத்தூர் வட்டாரத்துக்கு இவ்வரலாறு கூறும் பாடம் எளியது. ஒவ்வொரு குடமுழுக்கும் கோயிலைப் புதுப்பிக்கின்றது. புதுப்பிக்கும்போதே பழைய சுதையும், தரையும், சிலபோது எழுத்துள்ள கல்லும் மறைகின்றன. ஆதலின் திருப்பணி தொடங்குமுன் கோயிலின் நாற்புறமும், திருமேனிகளும், கல்வெட்டுகளும் முறையாகப் படமெடுக்கப்பட்டு நாள் குறித்து வைக்கப்படல் வேண்டும். பாலாலயம் போன்று இதுவும் திருப்பணியின் ஓர் அங்கமே.

இனி, ஊரார் வீட்டு நடையில் தலைவாயிலுக்கு மேலே தொங்கும் படங்கள் உள. திருமணப் படம், தேர்த் திருவிழாப் படம், பள்ளி மாணவர் குழுப்படம் எனப் பலவகையின. சட்டத்துக்குள் செல் அரித்தும், கண்ணாடியில் ஒட்டியும் அவை நாளும் நலிகின்றன. ஒட்டிய படத்தைப் பிரிக்க முயலாமல், கண்ணாடியோடே மறுபடம் எடுத்துக்கொள்வது நன்று. அதனினும் விரைந்து செய்யத்தக்கது, வீட்டு முதியோரை அருகிருத்தி, நிற்பவர் யார், உட்கார்ந்தவர் யார், எவ்வாண்டு, எவ்விடம் என்று கேட்டு எழுதுதல். படம் நூறாண்டு இருக்கலாம். அறிந்தவர் நாளை இல்லாமற் போகலாம். அவர் போனபின் அம்முகம் தர்ஸ்டன் நூலின் முகம் ஆகிவிடும்.

இவ்வாறு எழுதுங்கால் தருமகர்த்தாவும் நிலக்கிழாரும் மட்டும் இடம்பெறுதல் தகாது. தேர்வடம் பிடித்தோர், பறையும் நாகசுரமும் முழக்கியோர், சுதை வடித்தோர், குடம் வனைந்தோர், ஏரிக்கரையில் மண் சுமந்தோர், பூத்தொடுத்தோர் அனைவரும் வருதல் வேண்டும். இவ்வட்டாரத்தில் வாழும் சமணர், இசுலாமியர், கிறித்தவர் குடும்பத்துப் படங்களும் ஊர் வரலாற்றின் ஏடுகளே. நெய் அளந்த இடையனைக் கல்லில் ஏற்றிய மரபு வேற்றுமை பாராட்டாது.

கலசத்தில் நீர் சொரியும் நாளில் கோபுரத்தை அண்ணாந்து நோக்கும் முகங்கள் பல்லாயிரம். அவற்றையும் படம் பற்றிக்கொள்ளும். அடுத்த குடமுழுக்குக்குள் அம்முகங்களுக்கு உரிய பெயர்களும் எழுதப்பெறுமாயின், இவ்வூர் தன்னைத் தான் அறிந்ததாகும். அருவாய் நின்ற பெருமான் அடியார்க்கெனப் பெயரும் உருவும் கொண்டருளினான். அவன் அடியார் பெயரையும் உருவையும் பிரியாமற் காப்பதும் அவன் பணியே. அண்ணாமலையார் திருவருள் அதற்குத் துணைநிற்பதாக.