அங்கவை, சங்கவை: ஒரு பட்டப்பெயரின் வரலாறு

2025 நவம்பர்ல சென்னையில நடந்த ஒரு பிரஸ் மீட் ஞாபகம் இருக்கா? 'அதர்ஸ்' படத்துல ஹீரோயினைத் தூக்கின ஹீரோகிட்ட, அவங்க எவ்வளவு வெயிட்டுன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். என் எடைக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம்னு நடிகை கௌரி கிஷன் நேருக்கு நேரா எதிர்த்துக் கேட்டாங்க. கேட்டவரோட விளக்கம்: அது ஜாலியான கேள்வி.

இந்த 'ஜாலி' எனக்குப் பழக்கமான வார்த்தை. நான் படிச்சது வானூர்ல. 2007 ஜூன் 15, 'சிவாஜி' ரிலீஸ். அந்த மாசம் முடியறதுக்குள்ள எங்க ஒன்பதாம் வகுப்புல ரெண்டு பெண்களுக்குப் புதுப் பேர் வந்துடுச்சு. ஒருத்தி அங்கவை, இன்னொருத்தி சங்கவை.

படம் பார்த்தவங்களுக்குத் தெரியும். சாலமன் பாப்பையா நடிச்ச பாத்திரத்தோட ரெண்டு மகள்களுக்கு அந்தப் பேர். நடிச்ச பெண்கள் முகத்துல கருப்பு மேக்கப். அவங்களைப் பார்த்து மத்தவங்க மிரள்றதுதான் காமெடி. எங்க வகுப்புல ஒருத்தி கருப்பு, இன்னொருத்தி குண்டு. நிறத்துக்காக எழுதின ஜோக்கை நாங்க எடைக்கும் நீட்டிக்கிட்டோம். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். நல்லாவே சிரிச்சேன்.

அந்தப் பேர்கள் யாருடையவைன்னு எனக்குத் தெரிஞ்சது காலேஜ்ல.

பாரி முல்லைக்குத் தேர் கொடுத்ததை நாம எல்லாரும் பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கோம். பறம்பு மலையை ஆண்ட அந்தப் பாரியோட மகள்கள்தான் அங்கவையும் சங்கவையும். இந்தப் பேர்கள் பிற்கால மரபு சொல்றவை. புறநானூறு அவங்களைப் 'பாரி மகளிர்'னு மட்டும்தான் குறிப்பிடுது. சேர, சோழ, பாண்டியர் மூணு பேரும் சேர்ந்து பறம்பை முற்றுகையிட்டாங்க, பாரி கொல்லப்பட்டார். அதுக்கப்புறம் இந்தப் பெண்கள் பாடினது புறநானூற்றுல 112-ஆவது பாட்டு. அஞ்சே வரி. போன மாச நிலவையும் இந்த மாச நிலவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, அப்பாவையும் மலையையும் இழந்ததைச் சொல்றாங்க. தமிழ்ல நமக்குக் கிடைச்சிருக்கற மிகப் பழைய பெண் குரல்கள்ல ஒண்ணு.

அப்புறம் பாரியோட நண்பர் கபிலர், இவங்களுக்குக் கல்யாணம் செஞ்சு வைக்கணும்னு ஊர் ஊரா அலையறார். விச்சிக்கோன்கிட்டயும் இருங்கோவேள்கிட்டயும் போய்க் கேட்கறார். ரெண்டு பேரும் ஏத்துக்கல. அறிஞர்கள் சொல்ற காரணம், மூவேந்தர் பகை வந்துடுமேங்கற பயம்.

இங்க கொஞ்சம் நிக்கணும். படத்துல வந்த ஜோக்கைத் திரும்ப யோசிங்க. 'யாரும் கட்டிக்காத ரெண்டு பெண்கள்' அப்படிங்கறது மட்டும் வரலாற்றுல இருந்து வந்திருக்கு. காரணம் மாறிடுச்சு. போர் போயிடுச்சு, மூணு ராஜாக்கள் போயிட்டாங்க, பயந்து பின்வாங்கின ஆண்கள் போயிட்டாங்க. அந்த இடத்துல வந்து உக்காந்தது தோலோட நிறம். தப்பு ஆண்களோட கோழைத்தனத்துல இருந்து பெண்களோட உடம்புக்கு இடம் மாறிடுச்சு.

தெரியாம நடந்ததுன்னும் சொல்ல முடியல. வசனம் எழுதினவர் சுஜாதா. புறநானூற்றுக்கு எளிய அறிமுகம் எழுதின அதே சுஜாதா. நடிச்ச பாப்பையா தமிழ்ப் பேராசிரியர். அதே படத்துல ஹீரோவும் கருப்புதான். ஆனா அவர் வெள்ளையாக ஒரு பெரிய பாட்டே உண்டு. கருப்பா இருந்தாலும் அவர் ஹீரோதான். அந்தப் பெண்களுக்கு மேக்கப்தான் மொத்த கேரக்டரும்.

அப்புறம் ஃபேஸ்புக் மீம் வந்தது, வாட்ஸ்அப் ஸ்டிக்கர் வந்தது. தியேட்டர் ஜோக் மூணு மணி நேரத்துல முடியும். ஸ்டிக்கருக்கு முடிவே இல்ல, யார் முகத்துல வேணும்னாலும் ஒட்டலாம்.

ஒரு ஜோக் இவ்வளவு பண்ணுமான்னு கேட்பீங்க. அமெரிக்க உளவியலாளர் தாமஸ் ஃபோர்டும் சக ஆய்வாளர்களும் பெண்களை மட்டம் தட்டற ஜோக்குகளைப் பத்தி 2000-கள்ல ஆய்வு செஞ்சாங்க. அவங்க வந்து சேர்ந்த இடம் இது: ஜோக் புதுசா வெறுப்பை உண்டாக்கறதில்ல. ஏற்கெனவே மனசுல இருக்கற இளக்காரத்துக்கு, 'இங்க இதெல்லாம் ஓகே'ன்னு அனுமதி குடுக்குது. எங்க வகுப்புல நடந்தது அதேதான். படம் வர்றதுக்கு முன்னாடியும் அவளைக் குண்டுன்னு நினைச்சோம். படம் வந்தப்புறம் சத்தமாச் சொன்னோம்.

போன வருஷம் வானூர்ல இருந்து விழுப்புரம் வழியா திருக்கோவிலூர் போனேன். தென்பெண்ணை ஆத்துக்குள்ள ஒரு பாறை, மேல ஒரு சின்னக் கோயில். கபிலர் குன்றுன்னு சொல்றாங்க. பாரி மகளை மலையனுக்குக் கட்டிக்கொடுத்துட்டு, கபிலர் இங்க தீப்புகுந்தார்னு அந்த ஊர் வீரட்டானேசுவரர் கோயில்ல இருக்கற சோழர் காலக் கல்வெட்டு சொல்லுது. எங்க வீட்டுல இருந்து ரெண்டு பஸ் தூரம். ஒன்பதாம் வகுப்புல ஒருநாள் டூர் கூட்டிட்டுப் போயிருந்தா, அந்தப் பேர் எங்க வாயில வேற மாதிரி வந்திருக்கலாம்.

திரும்பி வந்து, நாங்க சங்கவைன்னு கூப்பிட்டவளுக்கு போன் பண்ணினேன். பாரி கதை, பாட்டு, பாறை எல்லாத்தையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவ பொறுமையாக் கேட்டுட்டு, "கதை நல்லா இருக்குடா. ஆனா அந்தப் பேர் ராணி பேரா இல்லாம இருந்திருந்தா, நீ கூப்பிட்டது சரியாயிடுமா?"ன்னு கேட்டா.

இல்லன்னு சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு இத்தனை வருஷம் ஆயிருக்கு. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.