பாலினக் கட்டமும் விமானப் பணியும்: திருநர் வேலைவாய்ப்பின் வரலாறு

விமானத்துக்குள் பயணிகளைக் கவனிக்கும் வேலைக்கு ஆண் வேண்டுமா பெண் வேண்டுமா என்பதில் விமான நிறுவனங்கள் என்றும் ஒரே நிலையில் நின்றதில்லை. 1920களில் ஐரோப்பிய விமானங்களில் அந்த வேலையைப் பார்த்தவர்கள் ஆண்கள். 1930இல் அமெரிக்காவின் போயிங் ஏர் டிரான்ஸ்போர்ட் நிறுவனம் எல்லன் சர்ச் என்ற செவிலியரைச் சேர்த்துக்கொண்டது. செவிலியப் பெண் ஒருத்தி உடன் வந்தால், பறக்க அஞ்சும் பயணிக்குத் தைரியம் வரும் என்பது அன்றைய வணிகக் கணக்கு. அந்தக் கணக்கு பலித்ததால் சில பத்தாண்டுகளில் இது பெண்களுக்கே உரிய வேலையாயிற்று. வயது, எடை, திருமணமின்மை என்று நிபந்தனைகளும் சேர்ந்தன. இந்த வேலையின் பாலின வரையறை விமானத்தின் தேவையிலிருந்து பிறந்ததன்று, சந்தையிலிருந்து பிறந்தது. நிறுவனங்கள் அதைத் தாமாகத் தளர்த்தியதும் அரிது. பெரும்பாலும் நீதிமன்றமே தளர்த்த வைத்தது. திருநங்கையரும் திருநம்பியரும் இன்று இந்த வேலையின் வாசலில் தடுக்கப்படுவதை இந்த நீண்ட வரலாற்றின் கடைசிக் கண்ணியாகப் பார்த்தால்தான் அதன் உண்மையான காரணம் விளங்கும். அவர்களது திறமையைப் பற்றிய ஐயம் அல்ல, விண்ணப்பப் படிவத்தில் உள்ள பாலினக் கட்டமே அவர்களைத் தடுத்துவருகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதற்கான முதல் சான்று ஓர் ஆணின் வழக்கில் கிடைக்கிறது. செலியோ டியாஸ் என்பவர் அமெரிக்காவின் பான் ஆம் விமான நிறுவனத்தில் இந்த வேலைக்கு விண்ணப்பித்தார். ஆண் என்பதால் நிராகரிக்கப்பட்டார். பயணிகள் பெண்களையே விரும்புகிறார்கள் என்றது நிறுவனம். மூடிய விமான அறைக்குள் பயணியின் மனப்பதற்றத்தைத் தணிக்கப் பெண்ணே ஏற்றவர் என்று எரிக் பெர்ன் என்ற புகழ்பெற்ற மனநல மருத்துவரைக் கொண்டு சாட்சியமும் அளித்தது. கீழ் நீதிமன்றம் அதை ஏற்றது. 1971இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. பயணிகளைப் பத்திரமாகக் கொண்டு சேர்ப்பதே விமான நிறுவனத்தின் மையத் தொழில், இனிய சூழல் என்பது அதற்கு அடுத்ததுதான், வாடிக்கையாளரின் விருப்பம் பாகுபாட்டுக்கு நியாயமாகாது என்று அது தீர்ப்பளித்தது. திருநரை வேலைக்கு எடுத்தால் பயணிகள் முகம் சுளிப்பார்கள் என்று இன்று சொல்லப்படும் மறுப்புக்கு 1971இலேயே பதில் எழுதப்பட்டுவிட்டது.

இந்தியாவில் வரலாறு இவ்வளவு நேராகப் போகவில்லை. 1981இல் ஏர் இந்தியாவுக்கு எதிரான நெர்கேஷ் மீர்சா வழக்கில், முதல் கர்ப்பத்துடன் வேலை போய்விடும் என்ற விதியை உச்ச நீதிமன்றம் கடுஞ்சொற்களால் சாடி ரத்து செய்தது. ஆனால் வேலையில் சேர்ந்து நான்கு ஆண்டுகளுக்குள் திருமணம் செய்தால் விலக வேண்டும் என்ற விதியை ஏற்றுக்கொண்டது. அதைவிட முக்கியமாக, ஒரே விமானத்தில் ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்த ஆண் பணியாளரையும் பெண் பணியாளரையும் தனித்தனிப் பணிப்பிரிவினர் என்றது. எனவே அவர்களை ஒப்பிட்டுச் சமத்துவம் கோர முடியாது என்றும் சொன்னது. விமானத்தில் மேற்பார்வையாளர் பொறுப்பு பெண்களுக்கும் உண்டு என்பது உச்ச நீதிமன்றத்தில் உறுதியாக 2011 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வேலையை ஆண் வரிசை, பெண் வரிசை என்று பிரித்த இந்த மரபுதான், பின்னாளில் எந்த வரிசையில் நிற்பது என்ற கேள்வியைத் திருநர்மீது சுமத்தியது.

திருநர் விமானத் துறையின் கதவை முதலில் தட்டியது விமானி அறையிலிருந்து. அமெரிக்காவின் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸில் 1968 முதல் விமானியாக இருந்த கேரன் உலேன், பாலின மாற்றத்துக்குப் பின் 1981இல் பணிநீக்கம் செய்யப்பட்டார். அந்நாட்டு விமானப் போக்குவரத்து நிர்வாகமே அவருக்கு மருத்துவத் தகுதிச் சான்று அளித்திருந்தது. விசாரணை நீதிமன்றத்தில் வென்றவர், 1984இல் மேல்முறையீட்டில் தோற்றார். பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் அவரைப் போன்றோரைக் கருதி எழுதப்பட்டதன்று என்பதே அத்தீர்ப்பின் சாரம். அதே சட்டம் திருநரையும் காக்கும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்ல 2020 ஆக வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில், 2011இல், தாய்லாந்தின் பி.சி. ஏர் என்ற புதிய நிறுவனம் திருநங்கையரைக் கேபின் பணிக்குத் தேர்ந்தெடுத்து உலகச் செய்தியானது. அவர்களில் ஒருவர் அந்நாட்டின் புகழ்பெற்ற திருநங்கையர் அழகிப் போட்டியில் வென்றவர். முன்னோடி முயற்சிதான், போற்றத்தக்கதுதான். ஆயினும் அது நிறுவனர் ஒருவரின் நல்லெண்ணத்தை மட்டுமே நம்பியிருந்தது. அந்நாட்டுச் சட்டமோ அவர்களது ஆவணங்களில் ஆண் என்ற குறிப்பை மாற்ற இடம் தரவில்லை. 2012 அக்டோபரில் கடன் சிக்கலால் தென்கொரியாவின் இஞ்சியோன் விமான நிலையத்தில் பயணிகள் தவித்து நிற்க, நிறுவனம் முடங்கியது. கொடையாகக் கிடைத்த வாய்ப்பு கொடுத்தவரோடு போய்விட்டது.

உரிமையாகக் கேட்ட குரல் தமிழ்நாட்டிலிருந்து எழுந்தது. திருச்செந்தூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரியான திருநங்கை ஷானவி பொன்னுசாமி, ஏர் இந்தியாவின் கேபின் பணிக்கு விண்ணப்பித்துத் தேர்வாகாத நிலையில், 2017இல் உச்ச நீதிமன்றத்தை நாடினார். தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமை திருநருக்கு உண்டு என்று அதே நீதிமன்றம் 2014இல் நால்சா வழக்கில் சொல்லியிருந்தது. ஆனால் அறிவிக்கப்பட்ட இடங்களோ பெண்களுக்கானவை. வழக்கு நீண்டது. 2018இல் தம்மைக் கருணைக் கொலை செய்துவிடுமாறு குடியரசுத் தலைவருக்குக் கடிதம் எழுதும் அளவுக்கு அவர் தள்ளப்பட்டார். 2022 செப்டம்பரில் நீதிபதிகள் சந்திரசூட், ஹிமா கோலி அமர்வு, திருநர் வேலைவாய்ப்புக்கு ஒரு கொள்கைச் சட்டகத்தை வகுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அவர் தேர்வில் தகுதி மதிப்பெண் பெறவில்லை என்பது நிறுவனத்தின் வாதம். அதை அப்படியே ஏற்றாலும், திருநருக்கு எந்தப் பிரிவில் இடம், எந்த அளவுகோலில் தேர்வு என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது. காவல் உதவி ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பித்த திருநங்கை பிரித்திகா யாஷினியும் படிவத்தில் தமக்குரிய கட்டம் இல்லாமல்தான் முதலில் தடுக்கப்பட்டார். 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் வழிவிட்டது. 2017இல் அவர் சீருடை அணிந்தார். தடையாக நின்றது படிவமே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பாதுகாப்பைக் காட்டி எழும் மறுப்பைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் இந்த வேலையின் சாரமே பாதுகாப்புதான். ஒரு விமான வகைக்குச் சான்றளிக்கும்போது, பாதி வாயில்கள் மூடியிருந்தாலும் 90 விநாடிகளில் அனைவரையும் வெளியேற்ற முடிய வேண்டும் என்று விதி இருக்கிறது. அதற்கு வேண்டியவை பயிற்சியும் உடல்திறனும் உரத்த குரலும். பிறப்புச் சான்றிதழின் வரி அல்ல. ஹார்மோன் சிகிச்சை குறித்த கவலைக்கும் விடை வந்துவிட்டது. கேரளத் திருநம்பி ஆடம் ஹாரிக்கு விமானி மருத்துவச் சான்று மறுக்கப்பட்ட விவகாரம் விவாதமானபின், 2022 ஆகஸ்டில் இந்திய சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் திருநர் விமானிகளுக்கான மருத்துவ வழிகாட்டுதலை வெளியிட்டது. ஹார்மோன் சிகிச்சை தொடங்கும்போதும் அளவை மாற்றும்போதும் மூன்று மாத இடைவெளி, பின் மருத்துவ மதிப்பீடு என்று அது வரையறுக்கிறது. விமானத்தையே ஓட்டத் தகுதி பெறக்கூடியவர் உள்ளே பணியாற்றத் தகுதியற்றவர் ஆவதெப்படி?

திருநரை ஏற்காத சட்டங்கள் உள்ள நாடுகளுக்கு அவர்களைப் பணிக்கு எப்படி அனுப்புவது என்ற மறுப்பு இவற்றினும் வலுவானது. வர்ஜின் அட்லாண்டிக் 2022 செப்டம்பரில் பணியாளர் தமக்கேற்ற சீருடையைத் தேர்ந்துகொள்ளலாம் என்று அறிவித்தது. ஆனால் அதே ஆண்டு இங்கிலாந்துக் கால்பந்து அணியைக் கத்தாருக்கு ஏற்றிச் சென்றபோது அந்த விதி பின்பற்றப்படவில்லை. பணியாளரின் பாதுகாப்பைக் கருதுவது தேவைதான். ஆனால் யாரை எந்த வழித்தடத்தில் அனுப்புவது என்பது பணி அட்டவணையின் முடிவு. வேலைக்கே எடுக்காமல் இருப்பதற்கு அது காரணமாகாது. உள்நாட்டு விமானங்கள் எத்தனையோ இருக்கின்றன. பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் பயண ஆவணத் தரநிலையும் ஆண், பெண் என்ற இரண்டுக்கு அப்பால் மூன்றாவது குறியீட்டை அனுமதிக்கிறது.

ஏர் இந்தியா 2022 ஜனவரியில் டாடா குழுமத்திடம் சென்றுவிட்டது. ஆகவே அரசு நிறுவனத்தை நோக்கித் தொடங்கிய ஷானவியின் வழக்கில் செப்டம்பர் உத்தரவு வந்தபோது எதிரே இருந்தது தனியார் நிறுவனம். இதனால் பொறுப்பு விலகிவிடாது. 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, ஆள்சேர்ப்பிலும் பதவி உயர்விலும் பாகுபாடு கூடாது என்று தனியார் நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது. அந்தச் சட்டம் ஏட்டளவில் நிற்பதைக் கண்டித்த உச்ச நீதிமன்றம், 2025 அக்டோபரில் வேறொரு திருநங்கையின் வழக்கில், சம வாய்ப்புக் கொள்கையை வரைய ஓய்வுபெற்ற நீதிபதி ஆஷா மேனன் தலைமையில் குழு அமைத்தது. அந்தக் கொள்கைக்காக விமான நிறுவனங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த ஆள்சேர்ப்பு அறிவிப்பிலேயே திருநர் விண்ணப்பிக்கலாம் என்று வெளிப்படையாக எழுதட்டும். பெண்ணாக வாழ்பவரைப் பெண்ணாகவும், ஆணாக வாழ்பவரை ஆணாகவும், மூன்றாம் பாலினமாகத் தம்மைச் சொல்பவரை அவ்வாறும் ஏற்கட்டும். உயர அளவு உள்ளிட்ட தகுதி விதிகளையும் அதற்கேற்ப முன்கூட்டியே அறிவிக்கட்டும்.