நிலத்தின் வரலாறும் நிலத்துக்கான ஆணையும்



வரலாறு படித்து என்ன ஆகப்போகிறது என்று நம் பிள்ளைகள் கேட்கிறார்கள். பொத்தேரியில் நின்றுகொண்டு இதற்குப் பதில் சொல்வது எளிது. இந்தச் செங்கல்பட்டுச் சீமையில் நிலம் யாருக்கு என்பதை இருநூறு ஆண்டுகளாக வரலாற்று வாதங்களே தீர்மானித்திருக்கின்றன.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இப்பகுதி ஜாகீராகக் கிடைத்தபோது, வரி வசூலிக்க நிலத்துக்கு உரியவர் யார் எனத் தெரிய வேண்டியிருந்தது. 1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் மிராசுதாரர்களின் உரிமையை எழுதிவைத்தார். 1816இல் சென்னைக் கலெக்டர் எல்லிஸ் மிராசு உரிமை பற்றி விரிவாக எழுதினார். ஆதொண்டச் சோழன் குறும்பரை வென்று வேளாளரைக் குடியேற்றினான் என்ற தொண்டைமண்டலக் கதை அதில் இடம்பெற்றது. குடியேறியவர்களின் கதை இப்படி உரிமைக்குச் சான்றாயிற்று. உழைத்தவர்களின் கதையை யாரும் சான்றாகக் கேட்கவில்லை. எல்லைத் தகராறு வந்தால் பறையரை அழைத்து எல்லை காட்டச் சொல்லும் வழக்கத்தை 1909இல் தர்ஸ்டன் பதிவு செய்திருக்கிறார். ஊரின் எல்லையை அறிந்தவர்களுக்கு ஊரின் பதிவேட்டில் இடமில்லை.

இதன் விளைவு அன்றாட வாழ்க்கையில் இறங்கியது. தரிசு நிலம் கேட்டு நம்மவர் மனுப் போட்டால், மிராசுதாரருக்கே முன்னுரிமை. சேரி மனைக்கட்டும் அவர் பிடியில் இருந்ததால், கூலி உயர்த்திக் கேட்டவரைக் குடிசையிலிருந்தே விரட்ட முடிந்தது.

1891இல் செங்கல்பட்டுக் கலெக்டர் டிரெமென்கீர் இந்த நிலையை அறிக்கையாக அரசுக்கு அனுப்பினார். அதே ஆண்டில், இம்மாவட்டத்தின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் பறையர் மகாஜன சபையைத் தொடங்கினார். ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ருவும் இங்குள்ள நிலக்கொடுமைகளை வெளியே சொன்னார். அரசு பல பரிந்துரைகளைத் தள்ளியது; ஆனாலும் 30.9.1892 அன்று 1010ஆம் எண் அரசாணை பிறந்தது. ஒடுக்கப்பட்டோருக்குத் தரிசு நிலம் ஒப்படைக்கப்பட்டது. பத்தாண்டுகள் விற்கக் கூடாது. அதன்பின் விற்றாலும் ஒடுக்கப்பட்டோருக்கே விற்க வேண்டும். இதைத்தான் பஞ்சமி நிலம் என்கிறோம். மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என இயக்கங்கள் சொல்லிவருகின்றன.

ஆணை காகிதத்தில் இருந்தது, நிலம் கைமாறியது. மாமல்லபுரத்துக்கு அருகிலுள்ள கரணையின் பஞ்சமி நிலத்தை மீட்கக் கோரி 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தனர். நூறாண்டுக்கு முந்தைய ஆணையை அரசு மதிக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் கோரிக்கை.

அதே 1994இல் தென்னாப்பிரிக்கா நில மீட்புச் சட்டம் இயற்றியது. 1913 ஜூன் 19க்குப் பின் இனப்பாகுபாட்டுச் சட்டங்களால் நிலம் இழந்தவர் உரிமை கோரலாம் என்றது அச்சட்டம். ஒரு பழைய தேதியையே சட்டத்தின் அடிப்படையாக வைத்தார்கள். நமக்கும் அப்படி ஒரு தேதி இருக்கிறது: 1892 செப்டம்பர் 30. இல்லாதது அதைச் செயல்படுத்தும் மனம்.

இன்று ஜி.எஸ்.டி. சாலையிலும் பழைய மாமல்லபுரம் சாலையிலும் மனை விலை ஏற ஏற, பழைய பதிவுகளின் மதிப்பும் ஏறுகிறது. 1979இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பின் பல ஊர்களில் ‘நிபந்தனை’ என்ற குறிப்பே பதிவேட்டில் காணவில்லை என்பது களத்தில் நிற்கும் தோழர்களின் அனுபவம். ஆகவே நாம் கேட்பது இரண்டு. பழைய ‘அ’ பதிவேட்டையும் இன்றைய பதிவேட்டையும் ஒப்பிட்டு, ஊர்வாரியாகப் பஞ்சமி நிலப் பட்டியலை அரசு வெளியிட வேண்டும். நிபந்தனையை மீறிய மாற்றங்களை ரத்து செய்து, நிலத்தை உரியவர்களிடம் திருப்பித் தர வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை உண்டு. உங்கள் ஊர்ப் பதிவேட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஊர்ப் பெரியவர்களை உட்காரவைத்து, எந்தப் புல எண் யாருடையதாக இருந்தது என்று எழுதி வாங்குங்கள். எல்லிஸ் எழுதாமல் விட்ட பக்கம் அதுதான். அடுத்த மனு அந்தப் பக்கத்தோடு போகட்டும்.

ஜெய்பீம்.