தோட்டத்துக் கள்ளுக்கடை: தேங்காத மதுவும் நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களும்

தென்னங்கள் இறக்கிய அன்றே விற்றுத் தீர வேண்டிய மது. மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடை வேரூன்றியதற்குத் தொழிலாளியின் குடிப்பழக்கத்தை ஒரு சாராரும் நிர்வாகத்தின் சூழ்ச்சியை மறுசாராரும் காரணம் காட்டுவர். பின்னதில் உண்மை மிகுதி. ஆயினும் கள்ளின் இயல்பைக் கணக்கில் கொள்ளாமல் அந்தக் கடையின் பிடியை விளக்கிவிட முடியாது.

விரியாத பாளையை நாரால் இறுகக் கட்டி, சில நாள் மெல்லத் தட்டிப் பதப்படுத்தி, நுனியைச் சீவினால் சாறு சொட்டத் தொடங்கும். காலையும் மாலையும் மரமேறிப் புதிதாகச் சீவ வேண்டும். சீவல் வெற்றிலைக் கனத்தைத் தாண்டினால் பாளை விரைவில் தீர்ந்துவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாறு இனிப்பாகவே நிற்கும். தடவாவிட்டால் காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் மரத்தின் மேலேயே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. சில மணி நேரத்தில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு சாராயம் ஏறும். அதன்பின் புளிப்பு முற்றிக் காடியாகும். இதற்கு மாறாக, இத்தாலியின் பீட்மாண்ட் பகுதியில் விளையும் நெபியோலோ என்னும் கருந்திராட்சையிலிருந்து வரும் பரோலோ மதுவை 38 மாதங்கள் முதிர வைத்த பிறகே விற்க வேண்டும் என்பது அங்கே விதி. அந்த மது கடல் கடந்து விலை போகிறது. கள்ளோ தன் மரத்தை விட்டு வெகுதூரம் போக இயலாதது.

நெகிரி செம்பிலானில் தென்னைக்கு ஏற்றது போர்ட்டிக்சன் கடலோரம். உள்நாட்டு ரப்பர்த் தோட்டங்களுக்குக் கள் வேண்டுமானால் அருகிலேயே மரம் வேண்டும், அல்லது காலையில் வந்தது மாலைக்குள் தீர வேண்டும். ரப்பர்ப் பாலும் இப்படி அவசரப்படுத்துவதுதான். விடியலில் வெட்டிய பால் தானாக உறைந்துவிடும் முன் ஸ்டோருக்குப் போயாக வேண்டும். ஆனால் உறையாமல் காக்க அமோனியாவும் உறைய வைக்க ஃபார்மிக் அமிலமும் பாலுக்கு இருந்தன. அது உலகச் சந்தைக்குப் போனது. கள்ளுக்கு இருந்த சந்தை தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசல் மட்டுமே.

இந்த நெருக்கத்தையே உரிம முறை நிறுவனமாக்கியது. அரசின் அனுமதியுடன் தோட்டத்துக்குள் கடை; பால் வெட்டு முடிந்து ஓயும் பிற்பகலில் வியாபாரம்; வாடிக்கையாளர் அனைவரும் ஒரே நிர்வாகத்தின் கூலியாட்கள். கடை லாபத்தைத் தொழிலாளர் நலனுக்குச் செலவிடும் ஏற்பாடும் இருந்தது. கூலியைக் குடியாக வாங்கிக்கொண்டு அதில் ஒரு பங்கை நலனாகத் திருப்பித் தருவதைத் தாராளம் என்று சொல்வதற்கில்லை.

எதிர்ப்பும் கடையையே குறிவைத்தது. 1941-இல் அண்டை மாநிலமான சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத்தில் தொழிலாளர் தலைவர் ஆர். எச். நாதன் முதலியோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. 1947-இல் கெடாவில் தோட்டத் தொழிலாளர்களின் தொண்டர் படையினர் கள்ளுக்கடை மறியலில் இறங்கினர். இதைச் சீர்திருத்த ஆர்வமாக மட்டும் பார்ப்பது போதாது. பதுக்கி வைக்க முடியாத பானம் என்பதால், ஒரு கடையை மூடினால் ஒரு தோட்டமே வறண்டுவிடும். மறியல் பலிக்கக் கூடிய ஆயுதமாக இருந்தது.

மலிவான சம்சு பரவியபோது இந்தக் கணக்கு மாறியது. காய்ச்சி வடித்த சம்சு கெடுவதில்லை, கள்ளைவிடப் பல மடங்கு கடுமையானது, சிறு போத்தல்களில் மளிகைக் கடை வழியாகவும் கைமாறக் கூடியது. அதை எதிர்த்துப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகள் நடத்திய இயக்கம், கடைவாசல் மறியலை விட்டு, உற்பத்திக்கும் விற்பனை உரிமத்துக்கும் தடை கேட்டு அரசை நோக்கித் திரும்பியது.