உறைந்த ஏரிகளும் உயிர்மீட்பு மரபும்

நீரில் மூழ்கி மூச்சடங்கியவர்களை இறந்தவர்களெனக் கைவிடாமல், உடனடிச் சிகிச்சையால் பிழைக்கவைக்க முயலவேண்டும் என்னும் நோக்குடன் 1767இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு சங்கம் தோன்றியது. அதனை முன்மாதிரியாகக் கொண்டு வில்லியம் ஹாஸ், தாமஸ் கோகன் என்னும் இரு மருத்துவர்கள் 1774இல் லண்டனில் தொடங்கிய அமைப்பே பின்னாளில் ராயல் ஹியூமேன் சொசைட்டி எனப் பெயர் பெற்றது.

குளிர்காலத்தில் ஏரிகளின் மேற்பரப்பு உறைந்து, இரும்புத் தகடு பொருத்திய காலணிகளுடன் மக்கள் அதன்மேல் சறுக்கி விளையாடத் திரண்டபோது, இந்த லண்டன் சங்கத்தின் பணி புதிய வடிவம் பெற்றது. பனித்தளம் உடைந்து உள்ளே விழுந்தவர் விளிம்பைப் பற்றி ஏற முயன்றால் அதுவும் நொறுங்கும். கடுங்குளிரில் கைகளும் சில நிமிடங்களில் வலுவிழக்கும். கைகொடுக்க ஓடிவருபவரின் எடையோ அதே நலிந்த தளத்தையே அழுத்தும். ஆகவே, உடல் எடையைப் பரவலாகத் தாங்கும் ஏணிகளோடும், எட்ட நின்றே வீசத்தக்க கயிறுகளோடும் ஐஸ்மென் எனப்பட்ட பணியாளர்களைச் சங்கம் ஏரிக்கரைகளில் நிறுத்தியது.

அந்த ஏற்பாட்டின் எல்லையை 1867 ஜனவரி 15 புலப்படுத்தியது. லண்டன் ரீஜென்ட்ஸ் பூங்கா ஏரியின் பனித்தளம் அன்று உடைந்ததில் ஏறத்தாழ 200 பேர் நீருள் வீழ்ந்தனர். பணியாளரும் கரையில் நின்றோரும் பலரைக் கரைசேர்த்தும், 40 பேர் உயிரிழந்தனர். நீர் ஏறத்தாழ 12 அடி ஆழம் இருந்ததும், கனத்த குளிர்கால உடைகள் நனைந்து கீழே இழுத்ததும் இழப்பைப் பெருக்கின. முந்தைய நாளே அவ்வேரியில் 21 பேர் விழுந்து, அனைவரும் காப்பாற்றப்பட்டிருந்தனர் என்பது, ஒருநாள் கிட்டிய வெற்றி மறுநாளைய அலட்சியத்துக்கு இடமளிக்கக்கூடும் என்பதைக் காட்டுகிறது.

அணைந்த தீப்பந்தத்தை ஊதி எழுப்ப முயலும் சிறுவனின் உருவத்தைத் தன் பதக்கத்தில் பொறித்திருந்த இச்சங்கம், பிறரைக் காக்கத் தம் உயிரைப் பணயம் வைத்தோருக்கு 1837 முதல் வெண்கலப் பதக்கம் வழங்கியது. வயதில் இளையோரும் அத்தகைய சிறப்புக்குரியவராயினர். எனினும், விபத்துக்குப்பின் ரீஜென்ட்ஸ் பூங்கா ஏரியை வடித்து, அதன் ஆழத்தை ஏறத்தாழ 4 அடியாகக் குறைத்தபின்னரே மீண்டும் திறந்தனர். இளையோரின் துணிவைப் பதக்கத்தால் பாராட்டிய சமூகம், அத்துணிவுக்குத் தேவையே எழாதபடி ஏரியைத் திருத்துவதும் தன் கடமையே என்பதை 40 உயிர்களை இழந்தபின்னரே ஏற்றுக்கொண்டது.