கேள்வி ஞானத்துக்கு மார்க் உண்டா?

இன்னைக்கு எபிசோடை இங்கிலாந்துல, லிவர்பூல்ல இருக்கிற ஒரு பழைய பள்ளிக்கூடத்துல இருந்து ஆரம்பிக்கலாம்.

1950-கள். லிவர்பூல் இன்ஸ்டிடியூட் என்ற ஆண்கள் பள்ளி. அங்கே பால் மெக்கார்ட்னின்னு ஒரு பையன் படிக்கிறான். அவனுக்கு ஜூனியர் ஜார்ஜ் ஹாரிசன். பள்ளியில் இசை வகுப்பு இருந்தது. ஆனா மெக்கார்ட்னி பின்னாளில் சொன்னபடி, வாத்தியார் ஒரு கிளாசிக்கல் இசைத்தட்டைப் போட்டுட்டு வெளியே போயிடுவார்; பசங்க அதை நிறுத்திட்டு சீட்டு விளையாடுவாங்க.

அதே பசங்க பள்ளிக்கு வெளியே என்ன செஞ்சாங்க தெரியுமா? ‘பி செவன்’ என்ற ஒரே ஒரு கிட்டார் கார்டைக் கத்துக்க, அதைத் தெரிஞ்ச ஒருத்தரைத் தேடி பஸ் ஏறி ஊரின் இன்னொரு மூலைக்குப் போனாங்க. வகுப்பில் சும்மா கிடைச்ச இசையைத் தொடாதவங்க, வெளியே ஒரு கார்டுக்காக அலைஞ்சாங்க. வருங்கால பீட்டில்ஸ்ல பாதிப் பேர் அந்தப் பள்ளியில் இருந்தாங்க. இசை வகுப்புக்கு அது தெரியவே இல்லை.

இது யாரோ ஒரு வாத்தியாரோட தப்புன்னு முடிச்சுட முடியாது. அன்றைய பள்ளிகளுக்கு இசைன்னா ஐரோப்பிய கிளாசிக்கல் இசை, நோட்டேஷன் படிக்கிறது, சேர்ந்திசை பாடுறது. ராக் அண்ட் ரோல் வெறும் பொழுதுபோக்கு.

1967-இல் முதல் பெரிய விரிசல் விழுந்தது. அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் டாங்கிள்வுட்டில் இசை ஆசிரியர்கள் அமைப்பு ஒரு கருத்தரங்கு நடத்தியது. டீன்ஏஜ் பிள்ளைகள் கேட்கிற பாப்புலர் இசைக்கும் பாடத்திட்டத்தில் இடம் வேணும்னு அங்கே அறிவிச்சாங்க. இங்கிலாந்தில் 1986-இல் ஜி.சி.எஸ்.இ. படிப்பு வந்தது. நம்ம பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வு மாதிரின்னு வெச்சுக்கங்க. வாசிக்கிறது, சொந்தமா இசையமைக்கிறது, கேட்டுப் புரிஞ்சுக்கிறது, மூணுக்கும் மார்க். எலெக்ட்ரிக் கிட்டார் எடுத்துட்டுப் போயும் பரீட்சை எழுதலாம்னு ஆச்சு.

சரி, ஜெயிச்சாச்சா? இங்கதான் விஷயமே இருக்கு. பாட்டு மாறுச்சு, பாடம் நடத்துற விதம் மாறலை. பாப் பாட்டையும் போர்டில் எழுதிப் போட்டு, இது வெர்ஸ், இது கோரஸ்னு பிரிச்சுக் காட்டி நடத்தினா, அது இன்னொரு பாடம்தானே?

லூசி கிரீன் என்ற லண்டன் ஆய்வாளர் இதைப் பிடிச்சார். பதினாலு பாப்புலர் இசைக் கலைஞர்களிடம், ‘நீங்க எப்படிக் கத்துக்கிட்டீங்க?’ன்னு பொறுமையா விசாரிச்சு 2001-இல் புத்தகமாக்கினார். அதன் சாரம் இதுதான்: பிடிச்ச பாட்டைத் தாங்களே எடுத்துக்கிட்டாங்க. திரும்பத் திரும்பக் கேட்டு அப்படியே வாசிச்சுப் பார்த்தாங்க. நண்பர்களோட சேர்ந்து கத்துக்கிட்டாங்க. சுலபமானது முதல்ல, கஷ்டமானது அப்புறம்னு எந்த வரிசையும் இல்லை.

நம்ம ஊரில் இதுக்கு அழகான பெயரே இருக்கு: கேள்வி ஞானம்.

இதை வகுப்பறைக்குள் கொண்டுவர முடியுமா? பால் ஹாம்லின் அறக்கட்டளை 2003-இல் தொடங்கிய ‘மியூசிக்கல் ஃப்யூச்சர்ஸ்’ திட்டத்தின் ஒரு பகுதியா, ஹார்ட்ஃபோர்ட்ஷயர் பள்ளிகளில் லூசி கிரீன் முயன்று பார்த்தார். 13, 14 வயசுப் பிள்ளைகள். தங்களுக்குப் பிடிச்ச சிடியைக் கொண்டுவந்து, நண்பர்களோட குழு சேர்ந்து, கேட்டே அந்தப் பாட்டை வாசிக்கணும். ஆசிரியருக்கு ஒரே வேலை: முதல்ல தள்ளி நின்னு கவனிக்கணும், கேட்டா உதவணும்.

ஆசிரியர்களுக்கு அது சாதாரண விஷயமில்லை. அறை முழுக்க டிரம்ஸ் சத்தம், தப்பான சுருதி, எதிரே சும்மா நிக்கிற நாம. ஆனா இசை வகுப்பில் ஆர்வமே காட்டாத சில பிள்ளைகள் அங்கே முன்னாடி வந்ததை அந்த ஆசிரியர்களே பதிவு செஞ்சிருக்காங்க. அதுவரை ‘இவனுக்கு இசை வராது’ன்னு நினைச்சது பிள்ளையைப் பத்தின உண்மையா, இல்ல அளந்த கோலில் இருந்த கோளாறா?

இன்னைக்கு கிட்டார் இருந்த இடத்தில் லேப்டாப்பும் வந்தாச்சு. பேண்ட்லேப் மாதிரி இலவச ஆப்ல பீட் போட்டு முழுப் பாட்டே செய்றாங்க. ராக், பாப் பாட்டுக்கும் கிரேடு எக்ஸாம் இருக்கு. சென்னைப் பிள்ளைகளுக்குப் பழக்கமான ட்ரினிட்டி காலேஜ் லண்டனே நடத்துது. இன்னொரு பக்கம், 2010-இல் இங்கிலாந்து அரசு பள்ளிகளை மதிப்பிட முக்கியப் பாடங்களின் பட்டியல் ஒன்று போட்டப்ப, அதில் இசை இல்லை. அடுத்த வருஷங்களில் இசையைத் தேர்வுப் பாடமா எடுக்கிறவங்க குறைஞ்சாங்க. கதவைத் திறந்து வெச்சுட்டு, அறையைச் சின்னதாக்கின மாதிரி.

கடைசியா லிவர்பூலுக்கே திரும்புவோம். அந்தப் பள்ளி 1985-இல் மூடப்பட்டது. மெக்கார்ட்னி கைகொடுக்க, அதே கட்டடத்தில் 1996-இல் ஒரு கலைக் கல்லூரி திறந்தது. ஜி.சி.எஸ்.இ. இசைத் தேர்வு ஒன்றில் பீட்டில்ஸ் பாட்டுகள் பாடமாவே இருந்திருக்கு. கேட்க சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா ஒரு சின்ன பயமும் வருது. அந்த மாதிரிப் பாட்டு கேள்வித்தாளில் வர்ற அதே வகுப்பின் கடைசி பெஞ்சில், ஹெட்போன் மாட்டிக்கிட்டு வேற எதையோ கேட்டுக் கத்துக்கிற ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கலாம். பள்ளிக்கு அந்தப் பிள்ளை கண்ணில் படுதா?

உங்க ஸ்கூல்ல அந்தப் பிள்ளை நீங்களா இருந்தீங்களா? யோசிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.